சத்தம் உன்னிடம், படம் என்னிடம்

தம்பி,

நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமாக இருக்கிறாயா என்பதும் தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். உனக்கு எழுத என்னிடம் முகவரி இல்லை. ஆடி மாதம், நம் தோட்டத்துக் கோயில் தீமிதி அன்று சாயங்காலம், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் நீ. தீபாவளியும் வந்து போய்விட்டது. உன் அம்மா உனக்கு எடுத்து வைத்த சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடக்கிறது. போன மறுநாள் உன் கூட்டாளி ஆ செங்குக்கு ஒரே ஒரு ஈமெயில் போட்டாயாம், என்னைத் தேட வேண்டாம் என்று. அதற்குப் பிறகு ஓர் எழுத்து இல்லை. தேட வேண்டாம் என்று சொன்னால் பெற்றவன் தேடாமல் இருந்துவிடுவானா? என்ன புத்தி இது? பார், பத்து வரி தாண்டுவதற்குள் திட்ட ஆரம்பித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு மூடிவிடாதே, ஐயா. கடைசி வரைக்கும் படி. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும், நீ செய்த கித்தா டிஸ்க்கைப் பற்றி எல்லோரும் எழுதிக்கொள்கிற அந்த மெய்லிங் லிஸ்டை மட்டும் பார்க்காமல் இருக்க மாட்டாய் என்று ஆ செங் அடித்துச் சொல்கிறான். "டியா பாஸ்தி பாச்சா லா, அங்கிள். கண்டிப்பா படிப்பான்" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் எழுத்து ஒரு கம்ப்யூட்டரில் ஒழுங்காகவும் இன்னொன்றில் பூச்சி பூச்சியாகவும் தெரியுமாமே, அதனால் என் கோழிக்கிறுக்கலை அப்படியே படமாக எடுத்து அங்கே போடப் போகிறான். தமிழ் பேசுவானே தவிர, அவனுக்கு இதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. உன்னோடு தெமியாங் வாடகை வீட்டில் ஒரே சட்டியில் மேகி சமைத்துத் தின்ற சீனப் பையன், என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கக்கூட இல்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் குடும்ப விஷயத்தை விரிக்கிறோமே என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சப்படுகிற கட்டத்தை நான் தாண்டிவிட்டேன். யாராவது தமிழ் தெரிந்தவர்கள் இதைப் படித்து, இவனை எங்கேயாவது பார்த்திருந்தால், அவனிடம் இதைக் காட்டுங்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் தாலி கட்டினவர்களில் பாதிப் பேர் என் கேமராவைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தில் நடக்கிற சத்தம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். மேளம், ஐயர் மந்திரம், சொந்தக்காரர்கள் சண்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெண் மேடை ஏறுவதிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் சினிமாப் பாட்டாகப் போட்டுவிடுவோம். ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். என்ன பாட்டு என்று பெண்ணே எழுதிக் கொடுக்கும். ஒரிஜினல் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வேன். என் கேமராவில் இருந்த மைக் கெட்டுப்போய் வருஷக்கணக்காகியும் நான் ரிப்பேர் பண்ணவில்லை. எப்படியும் பாட்டுத்தானே, மைக் எதற்கு? இது எனக்குத் தப்பாகவே தோன்றியதில்லை. உனக்குத்தான் தோன்றியது.

மேல் லயத்து வரிசை வீட்டில் இருந்த மண்டோர், அதுதான் தோட்டத்துக் கங்காணி, அவர் மகள் கடைக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஐந்தாம் படிவம், ஸ்கூல் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து கேசட்டுக்கு லேபிள் ஒட்டுவாய். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவள் அப்பா லாரி மோதிச் செத்துப்போனார். பெண்ணை அனுப்பி வைக்கும்போது அவர் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகப் பேசினார், படத்தில் நன்றாகத் தெரியும். அவள் அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, எங்கப்பா என்னா பேசினாருன்னு கேக்கணும்ண்ணே." நான் போட்டுப் பார்த்துவிட்டு, "அந்த எடத்துல பாட்டு ஓடுதும்மா" என்றேன். "பாட்ட எடுத்துற முடியாதா?" என்றாள். "எடுத்தா அடியில ஒண்ணும் இருக்காதும்மா" என்றேன். அவள் அழவில்லை. கேசட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனாள்.  அன்று ராத்திரி சோறு சாப்பிடும்போது நீ கேட்டாய்: "அவங்க பேசுனத அழிக்க உங்களுக்கு யாருப்பா ரைட்டு குடுத்தா?" நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் கோபம் வந்தது. என் கோபம் முக்கால்வாசி அந்த வகைதான், இப்போது யோசித்தால் தெரிகிறது.

அதற்குப் பிறகு நீ யூனிவர்சிட்டி போனாய், நீலாய் பேக்டரியில் நல்ல வேலை கிடைத்தது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் வந்து வேலையை விட்டுவிட்டேன் என்றாய். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து செய்தது, அதை எடுத்து, சத்தமும் படமும் வெட்டி ஒட்டுவதற்கென்றே ஒரு டிஸ்க் செய்யப் போகிறேன், சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே ஸ்டூடியோ ஆகிவிடும் என்றாய். கோலாலம்பூரில் பெரிய ஆட்கள் வைத்திருக்கிற மெஷின் செய்கிற வேலையை மந்தின் வீடியோக்காரனும் செய்யலாம் என்றாய். யாருக்கு விற்பாய் என்றேன். விற்கப் போவதில்லை, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றாய். அன்று நான் ஆடின ஆட்டம் கோயிலில் சாமி வந்தவர்கள்கூட ஆடியிருக்க மாட்டார்கள். நீ சத்தம் போடாமல் சொன்னாய்: "தைப்பூசத்துக்கு தண்ணிப் பந்தல் போடுறோமேப்பா. குடிக்கிறவன்கிட்ட காசா கேக்குறோம்? இன்னிக்கு நான் ஊத்துறேன், நாளைக்கு வேற ஒருத்தன் பானை கொண்டாருவான். அவ்ளோதான் லா." உன் அம்மாவுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

அதற்குக் கித்தா என்று பேர் வைத்தாய். ரப்பரை இங்கே நாம் அப்படித்தானே சொல்வோம். முதல் டிஸ்க்கைக் கொண்டுவந்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டாய். கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுத்து ஓடி, கடைசியில் ஒரு ரப்பர் மரமும் அதில் பால் வடிகிற மங்குக் கிண்ணமும் வந்து நின்றது. உன் அம்மா கையைத் தட்டினாள். நான் "மரம் கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ கிளம்பின பிறகு கடையைச் சாத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்ப ஏற்றி அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்த நாட்டிலேயோ ஒருத்தர் தன் சர்ச்சில் பாடுகிறவர்களை உன் டிஸ்க்கை வைத்துப் பதிவு செய்தேன் என்று எழுதியதை நீ காட்டினபோதும், "அவனுக்கு வேல இல்ல போல" என்றேன். அன்று மந்தின் கடைத்தெருவில் அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள், லயமும் போகிறது, கோயிலும் போகிறது, இதுதான் கடைசித் தீமிதி என்று எல்லோருக்கும் தெரியும். கோயில் தலைவர் என்னைத்தான் படம் எடுக்கச் சொன்னார். நீ வந்து, "அப்பா, இத மட்டும் பாட்டுப் போடாம எடுப்போம்பா. உறுமி, பம்பை, ஜனங்க பேசுறது எல்லாம் இருக்கணும். நம்ம கித்தாவுலயே எடுக்குறேன்" என்றாய். என் கேமராவிலிருந்து ஒரு கேபிள் இழுத்து உன் கம்ப்யூட்டருக்குப் படம் போகும், நீ தனியாக வைத்த மைக்குகளிலிருந்து சத்தம் போகும், கேசட்டே தேவையில்லை என்றாய். சரி என்று தலையாட்டினேன். உன் அம்மா அந்த வருஷம்தான் முதல் தடவையாக மஞ்சள் சேலை கட்டிக் காப்புக் கட்டினாள். உன் வேலை ஒப்பேற வேண்டும் என்று அவளுக்கு வேண்டுதல். எனக்கும் உனக்கும் சொல்லவேயில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ கேபிளை இழுத்துக்கொண்டு முதுகைத் திருப்பின நேரத்தில் கேமராவுக்குள் ஒரு கேசட்டைச் சொருகி ரெக்கார்ட் பட்டனை அமுக்கிவிட்டேன். உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கேசட் தீரத் தீர, நீ மடைப்பள்ளிக் கொட்டகையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே மாற்றிக்கொண்டேன், திருடன் மாதிரி.

எல்லாம் முடிந்தது. உன் அம்மாவும் பூக்குழி இறங்கிப் பால்குழியில் நின்றாள். தலைவரும் ஜனங்களும் உன் கொட்டகைக்கு முன்னால் கூடினார்கள், போட்டுக் காட்டு தம்பி என்று. நீ போட்டாய். சிதறுதேங்காய் உடைத்தது இருந்தது, கரகம் கிளம்பியது இருந்தது, ஆற்றங்கரையிலிருந்து கொஞ்ச தூரம் வந்தது, அவ்வளவுதான். படம் நின்றுபோனது. ஒரே ஃபைல் ஓர் அளவுக்குமேல் பெரிதாகாதாம், அந்த அளவை எட்டினதும் எழுதுவதை நிறுத்திக்கொண்டதாம், ஆ செங் பிறகு சொன்னான். திரையில் கடைசி வரைக்கும் படம் ஓடிக்கொண்டிருந்ததால் உனக்குத் தெரியவில்லை. மங்கு நிறைந்த பிறகும் மரம் பால் விட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. நீ அதுவரைக்கும் சின்னச் சின்னதாக எடுத்தே சோதித்துப் பார்த்திருக்கிறாய், முழுத் திருவிழா நீளத்துக்கு ஒருநாளும் ஓட்டிப் பார்க்கவில்லை. யாருக்கும் வருகிற பிழை. எனக்கு இதைவிட மோசமாக வந்திருக்கிறது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்தவன் நான்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: பயப்படாதே, என்னிடம் கேசட் இருக்கிறது. கடைசிக் கேசட் என் தோளில் தொங்கின கேமராவுக்குள் சூடு ஆறாமல் இருந்தது. நான் சொல்லவில்லை. நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தோஷம், தம்பி. பெற்ற பிள்ளை தலைகுனிந்து நிற்கும்போது அப்பனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. முதலில் நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் எல்லோர் முன்னாலும் கேசட்டை எடுத்து நீட்டி, பார்த்தீர்களா பழைய கையை என்று பெருமையடிக்கலாம் என்று நினைத்தேன். நீ அதுவரைக்கும் நிற்கவில்லை. மோட்டார் சத்தம் கேட்டபோதுகூட ரோட்டு முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்புவாய் என்றுதான் இருந்தேன்.

கேசட்டை நீட்டினேன். தலைவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். படம் முழுசாக இருந்தது. சத்தம் ஒரு பொட்டு இல்லை. என் மைக்தான் கெட்டுப்போயிருந்ததே. உறுமிக்காரர் குச்சி போகிறது, வருகிறது, ஓசை இல்லை. ஜனங்கள் நெருப்பில் இறங்கி வாயைத் திறக்கிறார்கள், ஓசை இல்லை. ஒரு பெரியம்மா, "என்னாய்யா, செத்த வூட்டுப் படம் மாதிரி இருக்கு, பாட்டாச்சும் போடேன்" என்றார். எனக்கு மண்டோர் மகள் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதிலிருந்து உன்னைத் தேடுகிறேன். தெமியாங் வீட்டுக்குப் போனேன், உன் துணி அப்படியே கொடியில் கிடந்தது. நீ முன்பு வேலை பார்த்த நீலாய் பேக்டரிக்குப் போனேன், வாசல் காவலாள் என்னை உள்ளே விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், வளர்ந்த பிள்ளை, தானாகப் போயிருக்கிறான், தானாக வருவான் என்றார்கள். சிரம்பான் பஸ் ஸ்டாண்டில் உன் சட்டை மாதிரி நீலச் சட்டை போட்ட ஒருவன் பின்னால் ஓடி, அவன் திரும்பிப் பார்த்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிங்கப்பூர் போயிருப்பாய் என்கிறார்கள், வேறு என்னென்னவோ சொல்கிறார்கள், அதை நான் எழுத மாட்டேன். உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. போன் அடித்தால் இரண்டு பேரும் ஒன்றாக ஓடுகிறோம். நான் எடுத்தால் வைத்துவிடுவாயோ என்று அவளையே எடுக்க விடுகிறேன். என்னால் முடியவில்லை, தம்பி. நான் நெஞ்சழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதெல்லாம் சும்மா.

போன மாதம் ஆ செங் கடைக்கு வந்தான், உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு. "அங்கிள், படம்தான் நின்னுச்சி. சத்தம் வேற ஃபைல். சுவாரா செமுவா அடா, கடைசி வரைக்கும் இருக்கு" என்றான். நான் அவனை உட்காரக்கூட விடவில்லை, போடு என்றேன். உறுமி கேட்டது, தம்பி. பம்பை கேட்டது. வேப்பிலை உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. யாரோ ஒரு பொம்பளை, "ஏய் அந்தப் புள்ளையப் புடி, நெருப்புகிட்டப் போவுது" என்கிறாள். நம் தோட்டமே அந்தப் பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்தது. நீ கேட்டது இதைத்தானே, அன்றைக்குத் தட்டு முன்னால் உட்கார்ந்து.

என் கேசட்டைத் துண்டு துண்டாக உள்ளே ஏற்றி, உன் சத்தத்தோடு சேர்த்துப் பார்த்தோம். எங்கே ஒட்டுவது என்று ஆ செங் தலையைச் சொறிந்தான். சிதறுதேங்காயைக் காட்டினேன். தேங்காய் தரையில் உடைகிற படத்தையும் உடைகிற சத்தத்தையும் ஒன்றாக வைத்தோம், டக்கென்று உட்கார்ந்தது. இரண்டு பேரும் கத்திவிட்டோம். ஆனால் போகப் போக விலகுகிறது. கரகம் வரும்போது லேசாக, தெரிந்தும் தெரியாமலும். பூக்குழி வரும்போது உறுமிக்காரர் குச்சியை எடுத்த பிறகுதான் அடி கேட்கிறது. உன் அம்மா நெருப்பில் கால் வைக்கும்போது வாயைத் திறந்து ஏதோ கத்துகிறாள், அப்போது சத்தம் இல்லை. அவள் தாண்டிப் பால்குழியில் வாய் மூடி நிற்கும்போது அவள் குரல் வருகிறது: "எம்புள்ள வேல ஒப்பேறணும் ஆத்தா!" உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே கடையில் என் பக்கத்தில் நின்றாள். கேமராக் கடிகாரமும் கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒன்றாக ஓடாதாம், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்க நீ ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்து, பாதியில் நிற்கிறதாம். ஆ செங் முயன்று பார்த்தான். "அவன்தான் முடிக்கணும், அங்கிள்" என்றான்.

சத்தம் அதோடு முடியவில்லை. படம் போட்டுக் காட்டினபோது சத்தம் பதிகிறதை நீ நிறுத்தவே இல்லை போலிருக்கிறது. அவசரத்தில் மறந்திருப்பாய். ஆ செங் கேட்டான், "இது அங்கிள் குரலா?" என்று. என் குரல்தான். "ஊருக்கே ஓசியில குடுக்கப் போறாராம் தொர! சொந்தக் கோயில் திருவிழாவப் புடிக்கத் துப்பில்ல! இதுக்குத்தான் வேலைய வுட்டியா?" ஜனங்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் உன் குரல், மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு என் காதில் அது விழவே இல்லை. சத்தியமாக விழவில்லை. மெதுவாகச் சொல்கிறாய்: "அப்பா, சத்தம் இருக்குப்பா." அதற்கு மேல் நான் கத்துகிறேன், அதை எழுத மாட்டேன். மறுபடியும் நீ, "சத்தம் முழுசா இருக்குப்பா." பிறகு மோட்டார் கிளம்புகிறது. லயத்து நாய்கள் குரைக்கிறதும் நிற்கிறது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடுகிறது, யாரோ தம்ளர் கழுவுகிறார்கள்.

உன்னிடம் சத்தம் இருந்தது, என் தோளில் படம் இருந்தது. நடுவில் நாலடி தூரம். ஆ செங் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிடவா என்று கையால் கேட்டான். வேண்டாம் என்றேன். நான் எத்தனையோ பேர் குரலை அழித்துவிட்டேன். என் குரல் அப்படியே கிடக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன், வாய் சும்மா இருக்காது. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றைச் செய்து முடித்தால், அது எந்த அளவுக்கு வேலை செய்ய வேண்டுமோ அந்த முழு அளவுக்கும் ஓட்டிப் பார். அது கெட்டுப்போனால் அதன் பக்கத்திலேயே நில், நீ விலகிப் போய்விட்டால் அதைச் சரிபண்ண வேறு ஆள் இல்லை. நான் கத்தினால் திருப்பிக் கத்து. உன் சித்தப்பா என்னை எத்தனை தடவை திருப்பிக் கத்தியிருக்கிறான், அவனோடுதானே நான் ஒரே இலையில் சாப்பிடுகிறேன். பேசாமல் போகிறவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து அது ஏதாவது செய்துகொண்டு வந்து காட்டினால், மரம் கோணல் என்று சொல்லாதே. அவன் போன பிறகு தனியாக உட்கார்ந்து பார்ப்பதை அவன் முன்னாலேயே பார்.

அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த வாரம் லயத்தை உடைக்கிறார்கள். இந்த வீட்டுப் போனையும் வெட்டிவிடுவார்கள். நீ மனசு மாறிக் கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். நேரில் வந்தால் வீடு இருந்த இடத்தில் செம்மண்தான் இருக்கும், எங்கே போனார்கள் என்று சொல்லவும் ஆள் இருக்காது.  நாங்கள் நீலாயில் தோட்டத்து ஆட்களுக்கென்று கொடுத்த ஃப்ளாட்டுக்குப் போகிறோம். அம்மனையும் அங்கேதான் ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொட்டகையில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். உன் கம்ப்யூட்டரை லாரியில் ஏற்ற விடவில்லை, மடியில் வைத்துத்தான் கொண்டுபோகப் போகிறேன்.

வரச் சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன். வா என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. என்னோடு பேச வேண்டாம். அம்மாவோடு பேசினால் போதும், அதற்கும் மனசில்லை என்றால் வேறு ஒன்று கேட்கிறேன். அந்த ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு சைபர் கஃபே இருக்கிறது. கித்தாவின் பக்கத்தை எப்படித் திறப்பது என்று ஆ செங் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கோண மரம் வரும், அதற்குக் கீழே 0.6 என்று நீ கடைசியாக விட்ட டிஸ்க்கின் எண் இருக்கும். ஆடியிலிருந்து அது அப்படியே இருக்கிறது. அந்த எண்ணை மாற்றுவதற்கு உன்னிடமும் தன்னிடமும் தவிர வேறு யாரிடமும் சாவி கிடையாது என்று ஆ செங் சொன்னான்.  ஆனால் அவன் தொட மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். நான் தினமும் காலையில் அங்கே போய் உட்காரப் போகிறேன். உள்ளே நீ ஒன்றும் மாற்ற வேண்டாம். எதையும் சரிபண்ண வேண்டாம். படம் சத்தத்தோடு ஒட்டாமலே கிடக்கட்டும். அந்த ஆறை மட்டும் அழித்துவிட்டு ஏழு போடு, ஐயா, நீ எங்கேயோ நலமாக இருக்கிறாய் என்று எனக்கு விளங்கிவிடும். நான் மாடி ஏறிப் போய், பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா